தங்கையிடம் ரத்தம் கேட்கப் போனது

சங்ககிரிக்குப் பக்கத்தில் விசைத்தறிகளுக்கு அட்டை அடித்துக் கொடுப்பது என் தொழில். சேலையின் கரையிலும் முந்தியிலும் விழுகிற பூவெல்லாம் முதலில் அட்டையில் ஓட்டைகளாகத்தான் இருக்கும். தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டி அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படிக்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் எழும்பும், இல்லாத இடத்தில் படுத்துக் கிடக்கும். அட்டைகள் ஒரு சுற்று வந்தால் ஒரு பூ முடிந்திருக்கும்.

நான் பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. பந்தியில் உப்பு குறைந்தாலும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். ஆனால் அட்டை விஷயத்தில் எனக்குக் கூச்சம் கிடையாது. மூல அட்டையை எந்தத் தறிக்கும் கொடுத்ததில்லை. எத்தனை பெரிய முதலாளி கேட்டாலும் நகல்தான். நகலை மூலத்தின் மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே பிடிப்பேன். எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் தெரிந்தால்தான் கடையை விட்டு வெளியே போகும்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தம் குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம் என்று விடாமல் கொடுத்தாள். இரும்புச்சத்து டானிக் வீட்டில் தீர்ந்ததே இல்லை. ரத்தம் மட்டும் ஏறவில்லை. இதற்கிடையில் அவளை என் தங்கை மகனுக்குக் கொடுப்பது என்று முடிவாகியிருந்தது. எங்களில் அது முறை, புதிதாகப் பேச ஒன்றுமில்லை. ஜாதகம் பொருந்தியது. தை பிறந்ததும் நிச்சயம் செய்வதாக இருந்தோம். அதற்குள் பெண்ணுக்கு ரத்தத்தை ஏற்றிவிடலாம் என்றுதான் சேலத்துக்கு ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே வேறொரு பரிசோதனை செய்தார்கள். முடிவு வந்ததும் ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். உடம்பின் செல்லுக்குள் டிஎன்ஏ என்று ஒரு நீள இழை இருக்கிறது, அதில் நாலே எழுத்துகள் வரிசை மாறி மாறி வருகின்றன, ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் புரதத்தை எப்படிச் செய்வது என்பதும் அதில்தான் இருக்கிறது என்றார். மூல இழை தன் இடத்தை விட்டு வெளியே வருவதில்லையாம். தேவையான பகுதிக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்புமாம். அங்கே ஒரு சின்ன எந்திரம் அந்த நகலைப் படித்துப் புரதத்தைக் கட்டுமாம்.

கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தறி அட்டை மாதிரிங்களா?"

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தாங்க. ஆனா உங்க தறி மாதிரி ஒரே நேரத்துல முழு அட்டையும் படிக்காது. மூணு மூணு எழுத்தாப் படிக்கும். மூணு எழுத்துக்குப் புரதத்துல ஒரு மணி. மணி மணியாக் கோத்துக்கிட்டே போவும்."

"நகல் சரியான்னு பாக்க ஆள் உண்டுங்களா?"

"உண்டுங்க. செல் ரெண்டாப் பிரியறப்ப முழு இழையையும் நகல் எடுக்கும். இழையில முறுக்கியிருக்கற ரெண்டு புரியும் பிரிஞ்சு, ஒவ்வொண்ணும் தனக்கு ஜோடிய கட்டிக்கும். தப்பான எழுத்து விழுந்தா, பின்னாடி வந்து அதை எடுத்துப்போட்டுச் சரியானதை வெக்கும். அதையும் மீறி எப்பவாவது ஒண்ணு தப்பிச்சுரும். அது அப்படியே தலைமுறைக்கும் வரும்."

என் மகளிடம் இருந்தது அப்படித் தப்பிய ஒன்று. தலசீமியா என்று பெயர். ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. இவளுக்கு ஒன்றில் பிசகு, மற்றொன்று நன்றாக இருக்கிறது. அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, டானிக்கை நிறுத்துங்கள் என்றார். என் ரத்தத்தையும் மனைவியின் ரத்தத்தையும் பார்த்தார்கள். அது என்னிடமிருந்துதான் வந்திருந்தது. அப்படியானால் என் தங்கையிடமும் இருக்கலாம். அவள் மகனிடமும் இருக்கலாம்.

மறுநாள் மதியம் தங்கை வீட்டுக்குப் போனேன். மச்சான் லாரியில் வடக்கே போயிருந்தார். சோறு போட்டாள். நான் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஏண்ணா, வாயில கொழுக்கட்டையா? வந்ததுலருந்து சோத்தையே பாத்துக்கிட்டிருக்கறே."

"உம் பையனுக்கு ரத்தம் பாக்கோணும், அம்மிணி."

"என்னத்துக்கு? எம்பையன் குடிக்கறானான்னு பாக்கறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள்.

"நம்ம அய்யன் சாவற வரைக்கும் மூட்டை தூக்குனவரு. அவரு ரத்தத்துல கொறைங்கறியா? பொண்ணு குடுக்க மனசில்லீன்னா நேராச் சொல்லிப்போடு. ஊசியக் காட்டி மெரட்டாதே."

வேறு நாளாக இருந்தால் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அன்று இருந்துவிட்டேன்.

"கொறை இருக்கறவங்களும் மூட்டை தூக்குவாங்க, அம்மிணி. ஒரு அட்டை பழுதானா இன்னொண்ணு ஓட்டிக்கும். எம்புள்ளைகிட்ட ஒண்ணு பழுது. உம்பையன்கிட்டயும் ஒண்ணு பழுதுன்னு வெச்சுக்க. பொறக்கற கொழந்தைக்கு ரெண்டும் பழுதாப் போயிட்டா, அதுக்குக் காலம்பூரா ரத்தம் ஏத்தோணும்."

"பழுதான அட்டைய உங்கடையில என்ன பண்ணுவே?"

"கிழிச்சுப்போட்டு வேற அடிப்பேன். இதக் கிழிக்க முடியாது. தெரிஞ்சு வெச்சுக்கத்தான் முடியும்."

உள்ளே படுத்திருந்த அவள் மகன் எழுந்து வந்தான்.

"எப்பப் போலாங்க மாமா?"

"நீ சும்மாயிரு சாமி" என்றாள் தங்கை. எனக்கு மோர் ஊற்றிக்கொண்டே, "நானும் வாரேன். எனக்கும் பாக்கட்டும்" என்றாள்.

இரண்டு பேருக்கும் இருந்தது.

அந்த அம்மா எதையும் மறைக்காமல் சொன்னார். கல்யாணம் செய்யக் கூடாது என்றில்லை. ஒவ்வொரு தடவை கருத்தரிக்கும்போதும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. ஆரம்பத்திலேயே வயிற்றுப் பிள்ளையைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. முடிவு கட்டிக்கொள்ளப் போகிறவர்களுடையது.

என் மகளும் தங்கை மகனும் வெளியே வேப்பமரத்தடியில் நின்று நெடுநேரம் பேசினார்கள். நாங்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் வந்து, "வேண்டாங்கப்பா. ஒவ்வொரு தடவையும் உசிரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்க எங்களால ஆவாது" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது, குரல் உறுதியாக இருந்தது. தங்கை மகன் தலையை மட்டும் ஆட்டினான்.

திரும்பும் பஸ்ஸில் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊர் வரும்வரை பேசமாட்டாள் என்று நினைத்தேன். அதற்குள் முழங்கையால் இடித்தாள்.

"அம்பது வருசத்துல ஒருக்கா வாயத் தொறந்தே. ஒரு கல்யாணத்தயே நிறுத்திப்போட்டே."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சரி, எம்பையனுக்கு இனி நீதான் பொண்ணு பாக்கோணும். தாய்மாமன் நீதானே."

அந்தக் கோடையில் நாமக்கல் பக்கம் ஒரு பெண் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் பெரியவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஜாதகத்தை எடுத்து நீட்டினார். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கோணுங்க" என்றேன். எங்கள் பையனிடம் உள்ள குறையை முதலில் சொன்னேன். பிறகு பெண்ணின் ரத்தத்தைக் கேட்டேன். காபி இன்னும் வந்திருக்கவில்லை.