அண்ணி சொன்ன முதல் 'வேண்டாம்'

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணி பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். "கையெழுத்து எங்க போடணும் தம்பி?" என்று கேட்டபடி படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த பயிற்சி மேடம் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

மலேசியாவின் புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அப்போதுதான் சேர்ந்திருந்தேன். பிரசவத்துக்கு வரும் தாய்மார்களிடம் சம்மதம் கேட்டுத் தொப்புள்கொடி இரத்தம் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் நெறிமுறைப் பயிற்சியில் தேறியாக வேண்டும். கணினியில் இருந்த பாடங்களை இரண்டே நாளில் ஊதித் தள்ளிவிட்டேன். கடைசிக் கட்டம்தான் காலை வாரியது. ஆராய்ச்சியே தெரியாத ஒருவரிடம், மேடம் பார்த்துக்கொண்டிருக்க, ஒத்திகையாகச் சம்மதம் கேட்டுக் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் கோட்டை விட்டால் ஆராய்ச்சிக் குழுவில் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அண்ணிக்கு அப்போது ஏழாம் மாதம். இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்று நானேதான் கோலா சிலாங்கூரிலிருந்து பெருமையாகக் காரில் அழைத்துப் போனேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது! தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவர் அண்ணி. அங்கே காகிதம் என்றால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கொண்டுவருவது. அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு. கிராணிக்கே அப்படியென்றால், வீட்டுக் கொழுந்தனுக்குக் கேட்கவா வேண்டும்?

முதல் தடவை, எதையும் கேட்காமலே கையெழுத்துப் போட வந்ததால், 'தேறவில்லை' என்று வந்தது. இரண்டாம் தடவை வண்ணப் படங்களோடு போய், மூச்சுவிடாமல் விளக்கினேன். அண்ணி ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார். "இந்த இரத்தத்தை என்ன செய்வாங்கன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று மேடம் கேட்டார். "தம்பி நல்லதுக்குத்தான் செய்யும் லா" என்றார் அண்ணி. மறுபடியும் தேறவில்லை. இப்படிப் பேசுங்கள் என்று அண்ணிக்குச் சொல்லிக்கொடுக்கவும் கூடாது, அது ஏமாற்று வேலை. திரும்பும் வழியில், "இன்னிக்கு நல்லா தலையாட்டினேன்ல?" என்று கேட்டார். அந்த முகத்திடம் யார் கோபித்துக்கொள்வது?

மூன்றாவது தடவை படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதுவரை நான் வாய்க்குள்ளேயே முழுங்கிய பகுதியை முதலில் எடுத்தேன். "அண்ணி, இந்த இரத்தத்துல இருக்கிற உயிரணுக்கள் ஆய்வுக்கூடத்துல வருஷக்கணக்கா வளரும். வெளிநாட்டுக்கும் போகலாம். அதுலேர்ந்து உங்க பேரை எடுத்துட்டா, அப்புறம் நீங்க திருப்பிக் கேட்டாலும் எதுன்னு தேடித் தர முடியாது. வேண்டாம்னு சொன்னா உங்க பிரசவத்த வழக்கம்போலத்தான் பார்ப்பாங்க, ஒரு குறையும் வராது." சொல்லச் சொல்ல எனக்கே பயமாக இருந்தது. இதையா இத்தனை நாள் படம் காட்டி மறைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

அண்ணி பேனாவைக் கீழே வைத்தார். கை தானாக வயிற்றுக்குப் போனது. "புள்ள என் மடியில வளரும், அதோட ரத்தம் எங்கயோ தனியா வளருமா? மனசு ஒப்பல தம்பி. எனக்கு வேண்டாம்." சொன்ன மறுநொடியே கண் கலங்கிவிட்டது. "ஐயோ, உங்க படிப்பக் கெடுத்துட்டேனே!"

மேடம் சிரித்துக்கொண்டே என் தாளில் 'தேறினார்' என்று எழுதினார். "இன்னிக்குத்தான் அவங்க நீங்க சொன்னதைக் கேட்டிருக்காங்க" என்றார்.

"வேண்டாம்னு சொன்னதுக்கா பாஸ் போடுறீங்க?" அண்ணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இத முதல் நாளே சொல்லியிருந்தா, நான் முதல் நாளே வேண்டாம்னிருப்பேன் லா!" மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை வேறு எந்தப் பரீட்சையும் எனக்குத் தந்ததில்லை.

போன மாதம் அண்ணிக்கு இரண்டாவது பிரசவம். உறவுக்காரன் என்பதால் நான் ஒதுங்கிக்கொண்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்தான் சம்மதம் கேட்கப் போனாள். அவர் என் அண்ணி என்று அவளுக்குத் தெரியாது. வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தாள். "அண்ணே, ஒரு அக்கா என்னைப் பிழிஞ்சு எடுத்துட்டாங்க! எங்க வைப்பீங்க, யாருக்கு அனுப்புவீங்க, எது வரைக்கும் திருப்பிக் கேக்கலாம்னு ஒரு மணி நேரம்!"

தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன். சாயங்காலம் அண்ணியே போன் செய்தார்.

"இந்தத் தடவை குடுத்துட்டேன் தம்பி. உங்களுக்காக இல்ல, கேட்டீங்களா? நானே யோசிச்சுக் குடுத்தேன்."