வந்த வரிசை

அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய முதல் வாரத்திலேயே எனக்கும் அவனுக்கும் சண்டை வந்தது. சண்டை சினிமாவைப் பற்றி. பறக்கிறவர்கள், சுவரைக் கையால் தள்ளுகிறவர்கள், ஊருக்கு ஒன்று என்றால் உடை மாற்றிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் என்று ஒரு படத்தில் வந்தவன் அடுத்த படத்திலும் வந்து நிற்கிற அந்த நீண்ட ஆங்கிலத் தொடரை எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் விஷயம்.

அந்தப் படங்களை எனக்கு அறிமுகம் செய்தவனே அவன்தான். அவன் கல்லூரியிலும் நான் பள்ளிக்கூடத்திலும் படித்த காலம். சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து ராமநாதபுரம் தியேட்டருக்குக் கூட்டிவருவான். படம் தமிழில்தான் பேசும், ஆனாலும் எனக்குப் பாதி புரியாது. திரும்பிப் போகும்போது யாருக்கு யார் பகை, எவனுக்கு எப்படி அந்தச் சக்தி வந்தது என்று ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வருவான். முன் சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பி உட்கார்ந்து கேட்பார்கள்.

பிறகு அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. எங்கள் வீட்டில் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறோம். உடம்பில் ஒன்றுமில்லை, மனம்தான் புரண்டுவிட்டது. படிப்பின் கடைசி வருடத்தில், காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். தூக்கம் போயிற்று. சாப்பாட்டைக் கண்டால் சந்தேகப்பட்டான். ஏர்வாடி தர்காவில் அவனை வைத்துக்கொண்டு அம்மா பல மாதங்கள் தங்கியிருந்தாள். அப்புறம் மதுரையில் ஆஸ்பத்திரி, கொஞ்ச நாள் வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான். அய்யாவோடு மிளகாய்த் தோட்டத்துக்குப் போகிறான். டாக்டர் மாத்திரையை மாற்றி, கொஞ்ச நாளைக்கு வாராவாரம் வந்து காட்டச் சொன்னதால்தான் ராமநாதபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

என் கணவர் காலையில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைக்குப் போய்விடுவார். மதியம் என் மகள் தூங்குவாள். டிவியில் அந்தப் படங்கள் வரிசையாக நிற்பதை அப்படி ஒரு மதியத்தில்தான் அண்ணன் பார்த்தான்.

“ஏத்தா, இம்புட்டா எடுத்துட்டாங்கெ?”

“இன்னும் எடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்கெ.”

“அப்ப முதல்ல இருந்து பாத்துருவோம்.”

அங்கேதான் சண்டை. இணையத்தில் தேடினால் இரண்டு வரிசை சொல்வார்கள். ஒன்று, படங்கள் தியேட்டருக்கு வந்த வரிசை. இன்னொன்று, கதைக்குள் காலம் ஓடுகிற வரிசை. பழைய யுத்த காலத்தில் நடக்கிற கதை பிந்தி வந்த படமாக இருந்தாலும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் குழப்பமில்லாதது, நின்று நிதானமாகப் புரியும் என்றேன். பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரிப் பேசினேன்.

“வந்த வரிசையில போடுத்தா,” என்றான்.

“கதை முன்னப்பின்ன வரும்ணே.”

“வரட்டும். கதை எப்ப நடந்தா எனக்கென்ன? ஒவ்வொரு படமும் எந்த வருசம் வந்துச்சுன்னு தெரிஞ்சா, அந்த வருசம் நான் எங்கன கெடந்தேன்னு கோத்துப் பாத்துக்கிருவேன். எனக்கு வருசமெல்லாம் கலஞ்சு போச்சு.”

அதற்குத்தான் நான் பயந்தேன். வருடங்களைக் கோத்துக்கொண்டே வந்தால் என் கல்யாண வருடமும் வரும்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அய்யா, மகன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றால் அப்போதே எழுந்து போயிருப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஊர்க்காரர்களும் ஒரு பெண் கரையேறினால் சரி என்று வாய் திறக்கவில்லை. கல்யாணத்தன்று அண்ணன் மதுரையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை என்று மேடையில் நின்றுகொண்டு நானே பலரிடம் சொன்னேன். மறுவீட்டுக்குப் போனபோது மாத்திரை அட்டைகளைப் பார்த்து என் கணவருக்கு விஷயம் தெரிந்தது. கோபப்படவில்லை. “அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்,” என்றார். அவருடைய அக்காதான் அந்தக் குடும்பத்தில் எல்லாம். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேருமாக அந்தச் சிங்கப்பூரைக் காப்பாற்றி வந்தோம். அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது.

கடைசியில் அவன் சொன்ன வரிசையில்தான் போட்டேன். மதியம் ஒரு படம். முதலில் வந்தவற்றை அவன் சிரித்துக்கொண்டே பார்த்தான், அடுத்த வசனத்தை முன்கூட்டியே சொன்னான். நாங்கள் சேர்ந்து பார்த்த படங்கள் முடிந்ததும் ஒவ்வொன்றும் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

“இது வந்தப்ப நீ எங்கன இருந்த?”

“காலேஜ்ல சேந்துட்டேன். பிள்ளைகளோட போயிப் பாத்தேன்.”

“நான் ஏர்வாடியில. அங்கன ஒரு கடைச் சுவத்துல இந்தப் போஸ்டரு ஒட்டியிருந்துச்சு. அடுத்த பாகம் வந்துருச்சு, தங்கச்சியக் கூட்டிட்டுப் போகணும்னு அம்மாகிட்டச் சொன்னேன். நான் வானத்துல பறக்குறவன் வந்துட்டான்னு ஒளர்றேன்னு நெனச்சு அம்மா அழுக ஆரம்பிச்சிருச்சு.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. அந்தப் படத்தைத் தோழிகளோடு பார்த்த அன்று அவனை ஒருமுறையாவது நினைத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். இடைவேளையில் என்ன சாப்பிட்டோம் என்பதுதான் ஞாபகம் வந்தது.

கல்யாண வருடத்துப் படம் வந்தபோது, “இது வேணாம்ணே, சுமாராத்தான் இருக்கும், தாண்டிருவோம்,” என்றேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “ஒன் கல்யாணத்தப்ப வந்ததா?”

“ம்.”

“போடு. நல்லா இல்லாட்டியும் பரவாயில்ல.”

அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நாத்தனார் வந்தார். பரமக்குடியில் இருப்பவர், சொல்லாமல்தான் வருவார். மதினி என்று கூப்பிட்டபடி நான் எழுந்தேன். அவர் பார்வை அண்ணன் மேல் விழுந்தது. போட்டோவில் பார்த்திருக்கிறார்.

“அட, தம்பி வந்தாச்சா! சிங்கப்பூர்ல இருந்து எப்ப வந்தீக? ஒரு வார்த்தை சொல்லலையே இவ!”

அண்ணன் எழுந்து நின்றான். நாத்தனாரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். “டீ போடுறேன்” என்றுதான் சொன்னேன். சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். கூடத்தில் பேசுவது எல்லாமே கேட்டது.

“வந்துட்டேன் மதினி. இனிமே போகல.”

“வேலை கஷ்டமோ? ஆளு எளச்சுத் தெரியுறீக.”

“கஷ்டந்தான் மதினி.”

“வந்ததும் வராததுமா டிவி முன்னால உக்காந்துட்டீக!”

“அங்கன படம் பாக்கவெல்லாம் விடமாட்டாக மதினி. அதான் விட்டதெல்லாம் ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எங்கள் பொய்யையும் விட்டுக்கொடுக்கவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் வந்த காரணமும் அதற்குப் பொருத்தமாக இருந்தது. மகளுக்குக் காது குத்துவதை, தாய்மாமன் வரட்டும் என்று சொல்லியே நாங்கள் தள்ளிக்கொண்டு வந்திருந்தோம். இந்தத் தடவை எப்படியாவது நாள் குறித்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறார். மாமனையே நேரில் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நயினார்கோவிலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். படம் நிறுத்திவைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

“சிங்கப்பூரா?” என்றான்.

“அய்யாதான் அப்புடிச் சொல்லிப்புட்டாக.”

“நீ?”

“நானுந்தான்.”

“சிங்கப்பூருல இருந்துக்கிட்டுத் தங்கச்சிக்கு ஒரு சேலை அனுப்பலயேன்னு என்னையத்தான் அந்த மதினி தப்பா நெனச்சிருக்கும்,” என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வாரமே நான் பரமக்குடிக்குப் போனேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இனி ஒரு நாளும் இதைச் சுமக்க முடியாது என்று தோன்றிவிட்டது. நாத்தனார் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ஏர்வாடி, மதுரை, மாத்திரை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

“என் தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியும் மதினி.”

“அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது. நாந்தான் வந்து பொண்ணு பாத்தேன், எனக்கு மட்டும் தெரியாது.” எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “அந்த ஆளு மடியிலயா பிள்ளைய உக்கார வைக்கப் போறீக?”

எழுந்து வந்து பஸ் ஏறினேன். இருந்தாலும் மனது லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடுதான் அண்ணனிடம் வந்து சொன்னேன். அவன் மெச்சுவான் என்றுகூட எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“என்னையக் கேட்டியாத்தா?” என்றான்.

எனக்குப் புரியவில்லை.

“பொய் சொன்னப்பயும் என்னையக் கேக்கல. இப்ப உண்மையச் சொல்லப் போனப்பயும் கேக்கல. அது என் நோவுதானே? அந்த மதினி முன்னால நான் இன்னும் கொஞ்ச நாளைக்குச் சும்மா ஒரு மனுசனா இருந்திருப்பேன்ல.”

அன்று மதியம் அவன் படம் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவனே ரிமோட்டை எடுத்து அடுத்த படத்தைப் போட்டான். “இது வந்தப்ப நீ எங்கன இருந்த?” என்று மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் கேட்கவில்லை. நாங்கள் மீதியையும் வந்த வரிசையிலேயே பார்த்து முடித்தோம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பேன். அது வராது.

நாத்தனார் பேசாமல் இருந்தார். கணவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு முழித்தார். காது குத்து நடக்காது என்றுதான் நினைத்தேன். அண்ணன் என் போனை வாங்கி மாடிக்குப் போய் நாத்தனாரோடு பேசினான். என்ன பேசினான் என்று இறங்கி வந்தும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. குறித்த நாளில் நாத்தனார் நயினார்கோவிலுக்கு வந்தார். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணனிடம், “சாப்டீகளா தம்பி?” என்று கேட்டார்.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மகளை அண்ணன் மடியில் உட்கார வைத்தோம். அவன் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு அவள் முதலில் சமர்த்தாகத்தான் இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் கத்தினாள். அண்ணன் அவள் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து, ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டான்.

“அவ்வளவுதான், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தான். அப்போதுதான் நானும் பார்த்தேன். அவர்களுக்கு மிக நெருக்கத்தில், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, எந்த நேரமும் பிள்ளையைப் பறித்துக்கொள்ளத் தயாராக நின்றிருந்தேன். சற்றுத் தள்ளி நாத்தனார் கைகளைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றிருந்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுத்தா,” என்றான் அண்ணன் மெதுவாக. “ஆசாரிக்கு வெளிச்சம் மறைக்குது.”

தள்ளிப் போய் நின்றேன்.