காலர் மேடையேறிய கதை

எங்கள் தையல் ஃபேக்டரி லைனில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தைக்கிற பாகம்தான் பெயர். நான் ஜிப். என் நாத்தனார் காலர். ஆறு வருடமாக அவள் தைப்பது காலர் மட்டும்தான், ஒரு நாளைக்கு நானூறு. எங்கள் கையை விட்டால் பாதிக் கோட்டாக அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். முழுதாக நாங்கள் பார்த்ததே இல்லை.

எல்லாம் காஸ்ப்ளே உடைகள். வீடியோ கேமிலும் கார்ட்டூனிலும் வருகிறவர்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு கூடுகிறார்களே, அவர்களுக்கு. எங்களுடையது விண்வெளித் தளபதியின் நீலக் கோட். அதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை மேடையில் நடக்க வேண்டும் என்று காலருக்கு ஆசை. ஆசை என்ன ஆசை, பிடிவாதம். கடையில் பதினேழு கோட்டின் காலரைப் புரட்டிப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். காஸ்ப்ளே போட்டி நடக்கிற அரங்கத்துக்குத் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அரங்க வாசலில் பதிவு செய்கிற பெண் காகிதச் சிறகு கட்டியிருந்தாள்.

"கடையில வாங்குனதாக்கா?"

"ஆமா."

"அப்போ மேடை இல்லக்கா. கையால செஞ்சதுக்கு மட்டும்தான். நீங்க ஓரமா நின்னு போட்டோ எடுத்துக்கலாம்."

எனக்கு மானம் போயிற்று. நைசாக நழுவி ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். காலர் நகரவில்லை.

"கையால செய்யாம காலாலயா செஞ்சோம்?"

சத்தம் கேட்டு நடுவர் வந்தார். ரப்பர் ஷீட்டில் கவசம் செய்து மாட்டியிருந்தார்.

"இத நானே நாலு மாசம் உக்காந்து ஒட்டினேன்க்கா. உங்களுத நீங்கதான் செஞ்சீங்கன்னா, வேலை செய்யும்போது எடுத்த போட்டோ காட்டுங்க."

"ஃபேக்டரி வாசல்லயே ஃபோன வாங்கி வெச்சுடுவாங்க தம்பி."

கோட்டின் காலரை நிமிர்த்திக் காட்டினாள். "முனையில ரெண்டு தடவை திருப்பித் தையல் அடிச்சா போதும். நான் மூணு அடிப்பேன். நூல் வீணாகுதுன்னு சூப்பர்வைசர் ஆறு வருஷமா கத்துறாரு. எண்ணிப் பாருங்க."

அவர் குனிந்து எண்ணினார். மூன்று.

"சரிக்கா, காலர் உங்களுது. மிச்சம்?"

"மிச்சத்துக்கும் ஆள் இருக்கு."

படிவத்தில் 'செய்தவர்' என்ற இடத்தில் ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். அவள் கை, பை, ஜிப், பட்டன் என்று தொடங்கி, அடுத்த கட்டடத்து அயர்ன்காரர் வரை தாளின் பின்பக்கமும் எழுதி நிரப்பினாள். நடுவர் தலையைச் சொறிந்தார்.

"பரிசுக்கு எடுத்துக்க முடியாதுக்கா."

"பரிசு யாரு கேட்டா? வழிய விடுங்க."

விட்டார். விடாமல் என்ன செய்வார்?

அந்த நீலக் கோட்டில் அவள் மேடையில் நடந்து வந்தபோது தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். இவ்வளவு அழகாகவா இருக்கும் நாங்கள் தைத்தது! எல்லாரிடமும் கேட்பதைப் போலவே அறிவிப்பாளர் அவளிடமும் மைக்கை நீட்டினார்: "இத செஞ்சது யாரு?"

"இருபத்திரெண்டு பேரு. காலர் நான்." ஜிப்பைக் கழுத்து வரை சரக்கென்று இழுத்தாள். ஒரு பல்கூடச் சிக்கவில்லை. "ஜிப் எங்க அண்ணி. அதோ, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. நான் தூணை விட்டு வெளியே வந்து கையைத் தூக்கினேன்.

"ஜிப் நான்தான்!" என்று கத்தினேன்.