முதற்பலனாகக் கொடுத்த விளம்பரம்

விதிகளை மதிப்பதில் என்னை மிஞ்ச சித்தூர் ஜில்லாவிலேயே ஆள் இல்லை என்று நான் நம்பிய நாட்கள் மொத்தம் நாற்பத்தொன்று. ஒரு விளம்பர நிறுவனம் என் இணையதளத்தை ஏற்றுக்கொண்ட நாள் தொடங்கி, அதே நிறுவனம் என் கணக்கை நிறுத்தி வைத்த நாள் வரை.

என் பெயர் இஸ்ரேல். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷம் ஷிப்ட் பார்த்தவன். ஆறு பேர் படுக்கும் அறை, வாரத்துக்கு ஒரு நாள் வீடு. அது பொறுக்காமல் போன வருஷம் வேலையை விட்டுவிட்டு சித்தூருக்கே வந்து, பங்காருபாளையம் மாங்காய் மண்டிகளின் விலையைத் தினமும் நேரில் போய்க் கேட்டுப் போடும் தளம் ஒன்றைத் தொடங்கினேன். தமிழிலும் தெலுங்கிலும். இந்த மாங்காய் சீசன் முடிவதற்குள் விளம்பரத்தில் வருமானம் வர வேண்டும், வராவிட்டால் பழைய ஷிப்டுக்கே திரும்ப வேண்டும் என்று எனக்கும் என் மனைவி ஈவ்லினுக்கும் பேச்சு. அந்த அறைக்குத் திரும்பிப் போக எனக்கு உண்மையிலேயே பயம்.

அதனால் நிறுவனத்தின் விதிகளை பிரிண்ட் எடுத்து, வேத வசனக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சொந்தத் தளத்தின் விளம்பரத்தைத் தானே தொடக்கூடாது. மற்றவரைத் தொடச் சொல்லக்கூடாது. ஒருநாள் ஈவ்லின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது குக்கர் விளம்பரம் ஒன்று வந்தது.

"இது நல்லா கீதுங்க" என்று விரலை நீட்டினாள். நான் பாய்ந்து போனைப் பிடுங்கினேன்.

"தொட்டா கணக்கு போயிடும்!"

"பார்க்கத்தானே போட்டு கீறாங்க?"

"மத்தவங்க பார்க்க. நாம பார்க்க இல்ல."

அவள் கடைத்தெருவுக்குப் போய் வேறொரு குக்கர் வாங்கி வந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாதம் மட்டும் நன்றாக வெந்தது.

மூன்றாவதாக ஒரு விதி இருந்தது. விளம்பரத்தைத் தொட்டால் ஒரு நற்காரியத்துக்குப் பணம் போகும் என்றும் யாரிடமும் சொல்லக்கூடாதாம். படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. எந்த முட்டாள் அப்படிச் சொல்வான்?

எங்கள் சபையில் முதற்பலன் என்று ஒரு வழக்கம் உண்டு. முதல் கூடை மாங்காய், முதல் சம்பளம், எதுவானாலும் ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டு, கடவுள் செய்த நன்மையை எல்லோர் முன்னும் எழுந்து சாட்சி சொல்வார்கள். தளம் ஏற்கப்பட்ட பூரிப்பில் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். ஒரு நிமிஷத்தில் சொல்ல வேண்டியதைப் பதினொரு நிமிஷம் சொன்னேன். கடைசியில், முதல் மாத விளம்பர வருமானம் முழுவதும் ஒழுகுகிற ஆலயக் கூரைக்கே என்று அறிவித்தேன்.

போதகர் கிருபானந்தம் கேட்டார்: "அந்த வருமானம் எப்படிப்பா வரும்?"

அதுவரை என் தொழிலைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. நெஞ்சு விம்மியது. "ஜனங்க விளம்பரத்தைத் தொட்டா வரும் ஐயா" என்றேன்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் போனை எடுத்தார்கள். மாங்காய் விலை பார்க்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். அதற்கு முன் என் தளத்துக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். அதில் மூன்று முறை வந்தது நானே.

அதிலிருந்து முப்பதாம் நாள் நிறுவனத்தின் கடிதம் வந்தது. விளம்பரங்கள் இயல்புக்கு மாறாகத் தொடப்பட்டுள்ளன, கணக்கு நிறுத்தப்படுகிறது, ஒரே ஒரு முறை முறையீடு செய்யலாம். போதகரிடம் ஓடினேன். அவர் பதறவே இல்லை. மறுநாளே சபையின் முத்திரை குத்திய ஒரு சான்றிதழ் எழுதித் தந்தார். யார் யார் எத்தனை முறை தொட்டார்கள் என்று அறுபத்து மூன்று பேர் பெயரோடு. குற்றப்பத்திரிகையை இவ்வளவு அன்போடு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அதை மடித்து வைத்துவிட்டு முறையீட்டை நானே எழுத உட்கார்ந்தேன். இப்படி நடந்த காரணம் தெரியுமா என்று படிவத்தில் கேட்டிருந்தது. 'தெரியாது. எதிரிகள் செய்திருக்கலாம்' என்று எழுதினேன். பின்னால் நின்று படித்த ஈவ்லின், "உங்களுக்கு யாருங்க எதிரி? உங்கள யாருக்குத் தெரியும்?" என்றாள்.

அழித்தேன். என்ன நடந்தது என்பதை, நான் எழுந்து நின்றதிலிருந்து ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது. கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. அன்று மதியமே பழைய சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுந்தேன். கூரைக்குப் பணம் வராது, தளத்துக்கு இனி விளம்பரம் இல்லை, சொல்லக்கூடாததைச் சொன்னது நான், தப்பு என்னுடையது என்று சொல்லி உட்கார்ந்தேன். அவர்கள் தொட்டதால்தான் போயிற்று என்ற பாதியை மட்டும் விழுங்கிவிட்டேன். அவமானத்தில் காது எரிந்தது.

வெளியே ரத்னம்மா பிடித்துக்கொண்டார். பங்காருபாளையம் பக்கம் எட்டு மாமரம் வைத்திருப்பவர். போதகரின் பட்டியலில் அவர் கணக்குத்தான் அதிகம், நாற்பத்தேழு முறை.

"நான் இன்னும் தெனம் பார்த்துக்கினுதான் கீறேன் தம்பி. முன்னெல்லாம் அந்த வெளம்பரம் நடுவுல வந்து மறைச்சிக்கினு இருந்துச்சு. இப்பதான் ரேட்டு நல்லா தெரியுது. அதைக் காட்டி மண்டிக்காரங்கிட்ட சண்ட போட்டு நல்ல வெலை வாங்கிட்டேன்ப்பா. நாளைக்கும் போடுவ இல்ல?"

விடிந்தால் ஸ்ரீ சிட்டி பஸ் ஏற வேண்டியவன் நான். "போடுவேம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. வாயால் கெட்டவனுக்கு வாய் அடங்கவில்லை. எப்படிப் போடுவேன் என்று தெரியாமல் அழுகை முட்டியது.

வீட்டுக்கு நடக்கும்போது ஈவ்லின் கேட்டாள்: "வெலை கேக்க நான் மண்டிக்கு எத்தினி மணிக்குப் போவணுங்க?"