தினசரி ஓட்டத்துக்கு ஏற்ற கார்

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் அந்த மனிதருக்கு நண்பர்கள் வைத்த பெயர் டர்போ. பெயரைக் கேட்டு ஆள் காற்றாய்ப் பறப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கடை. நடந்தே போவார், நடந்தே வருவார். பகல் முழுக்க இருட்டறையில், வந்தவர் மூக்கின்மேல் கனமான சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு இது தெளிவா என்பார்; எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, இல்லை இதுவா என்பார். வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி நாக்கில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதையே கார்களிடம் கேட்க ஆரம்பிப்பார்.

துடிப்பான சின்ன ஹேட்ச்பேக்கா, கிட்டத்தட்ட அதே விலைக்குக் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் செடானா, இல்லை இரண்டே கதவு வைத்த கூப்பேயா? ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் நடந்த மாபெரும் விசாரணை இதுதான். எது எத்தனை நொடியில் நூறைத் தொடும், வளைவில் எது சாலையைக் கவ்விப் பிடிக்கும், எதன் கியர் வெண்ணெயாய் விழும், எல்லாம் அவருக்கு விரல்நுனியில். அந்த ஊர்ச் சாலையில் நூறைத் தொட வேண்டுமானால் முதலில் ஊரைக் காலி செய்ய வேண்டும். அது வேறு விஷயம். எவ்வளவு தூரம் பேச்சு போனாலும் கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு தீர்ப்பு சொல்வார்: ரேஸுக்கு எதை வேண்டுமானாலும் வாங்கலாம், தினசரி ஓட்டத்துக்கு எது என்பதுதான் கேள்வி.

தினசரி ஓட்டுகிறவள் அவர் மனைவி. இந்தச் சின்ன விவரம் மட்டும் விசாரணையில் எப்படியோ விட்டுப்போயிருந்தது. அவள் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரி அனுப்பும் வீடுகளுக்குப் போய், படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பிடித்து உட்காரவைப்பதும் நிற்கவைப்பதும் வேலை. பயிற்சிக்கான மடக்குக் கட்டிலும் வாக்கரும் கூடவே பயணம் செய்யும். அவளுடைய பழைய கார் சிக்னலில் நின்றால் மறுபடி கிளம்ப யோசிக்கும். நோயாளிகளைவிட அதற்குத்தான் சிகிச்சை அவசரம். ஆனாலும் அந்த வேலை அவளுக்கு உயிர். அதிலும் பக்கவாதம் வந்த ஒரு முன்னாள் பஸ் டிரைவர் இருந்தார். ஒரு வருடமாக அவருடைய காலைத் தூக்கித் தூக்கிப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். எப்படியும் அவரை நிற்கவைத்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை டர்போ ஷோரூமுக்குக் கிளம்பினார். மனைவியும் போனாள், மடக்குக் கட்டிலோடு. அந்தக் கட்டிலைப் பார்த்து அவர் கூச்சத்தில் நெளிந்தார். விற்பனையாளர் சாவியை, கேட்காமலே, அவர் கையில் கொடுத்தார். நிபுணர் ஸ்டியரிங் பிடித்தார். வாசல் சரிவில் இரண்டு முறை வண்டி ஆஃப் ஆனது. முதல் வேகத்தடையில் மூன்று பேர் தலையும் கூரையை விசாரித்தன. இறங்கியதும் கிளட்ச் கொஞ்சம் கனம் என்று வண்டியின்மேல் பழியைப் போட்டார்.

அவள் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. மூன்று வண்டிகளின் டிக்கியையும் திறக்கச் சொன்னாள். செடானில் கட்டில் வாயிலேயே சிக்கிக்கொண்டது. கூப்பேயில் கட்டிலை வைத்தால் அவளை வைக்க இடமில்லை. ஹேட்ச்பேக்கில் பின்சீட்டை மடக்கியதும் கட்டில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"இது போதுங்க. இதையே எடுத்துடலாம்," என்றாள்.

டர்போவுக்குச் சுருக்கென்றது. ஒன்றரை வருட ஆராய்ச்சியை ஒரு டிக்கியில் போட்டு மூடுவதா? யோசித்துச் சொல்கிறேன் என்று விற்பனையாளரின் கையைக் குலுக்கிவிட்டு வந்தார். மறுநாளே போட்டிக் கம்பெனி, கூடுதல் குதிரைத்திறனோடு புது மாடல் வருவதாக அறிவித்தது. பார்த்தாயா, அவசரப்பட்டிருந்தால் ஏமாந்திருப்போம் என்று குதித்தார். இரண்டே வாரம் பொறு என்றார். அந்த இரண்டு வாரம் இழுத்து இழுத்து மழைக்காலம்வரை வந்தது.

மழையில் பழைய கார் மேம்பாலத்தின் நடுவில் படுத்துவிட்டது. பஸ் டிரைவரின் வீட்டுக்கு அன்று அவள் போகவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. ஆஸ்பத்திரியில் கண்டித்தார்கள், மாத முடிவுக்குள் நம்பகமான வண்டி இல்லையென்றால் உள்ளே வார்டு வேலைக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார்கள். அதை அவள் வந்து சொன்னபோது அவர் சோபாவில் சாய்ந்து, இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் காலியான சாலையில் கார் ஓட்டும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "ம்," என்றார்.

மாதம் முடிந்தது. அடுத்த மாதம் பாதியில் டர்போ தீர்ப்பு வழங்கினார். எல்லாக் கோணத்திலும் அலசி, எல்லாப் போட்டியாளர்களையும் தள்ளுபடி செய்து, அவர் வந்து சேர்ந்த வண்டி அதே ஹேட்ச்பேக். ரிப்பன் கட்டிய காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அரசனைப்போல் சாவியை நீட்டினார்.

"நல்லா இருக்குங்க," என்றாள். சாவியை வாங்கவில்லை.

"நாளைக்கு நீயே எடுத்துட்டுப் போ."

"எங்க போறது? ஆஸ்பத்திரி வாசல்லயே பஸ் நிக்குது. என்னை வார்டுக்கு மாத்தி ரெண்டு வாரம் ஆகுது. சொன்னேனே, நீங்ககூட சரின்னீங்க."

அவர் மனதுக்குள் தேடிப் பார்த்தார். அவள் அப்படிச் சொன்னதாகவே நினைவில்லை. சரி என்று தான் சொல்லியிருக்கக்கூடும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பேசட்டுமா, இப்போதுதான் வண்டி வந்துவிட்டதே என்று தடுமாறினார்.

"வேண்டாங்க. என் இடத்துல ஒரு பொண்ணப் போட்டாச்சு. நல்ல பொண்ணு, அக்கா அக்கான்னு போன் பண்ணும். நேத்தும் பண்ணுச்சு." அவள் குரல் உடைந்தது. "டிரைவர் ஐயா தானாவே எழுந்து நின்னுட்டாராம்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு ஆசைப்பட்ட நாள் அது. டிரைவர் நின்றபோது எதிரில் நின்றவள் வேறொருத்தி. டர்போவுக்கு அவள் கையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. ஏதாவது சொல்லவும் தோன்றியது.

"எத்தனை நொடி நின்னாராம்?" என்று கேட்டார்.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.