கதவு லைனின் மெட்டு

எங்கள் புது ஆல்பத்தில் பீட்டே இல்லை என்று திட்டித் தீர்க்கிறார்கள். திட்டுவதும் யார், கம்பெனி பஸ்ஸில் எங்கள் பழைய பாட்டைப் போட்டு ஆட்டம் போட்டவர்கள்தான். "இன்னாப்பா, தூங்க வைக்கப் போட்டியா?" என்று ஒருவன் போன் போட்டே கேட்டான். போனை வைத்துவிட்டேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

நாங்கள் என்றால் இரண்டு பேர். நானும், கார் கம்பெனியில் கதவு மாட்டும் லைனில் வேலை பார்த்த அண்ணனும். கூடப் பிறந்தவர் இல்லை. வயதில் பெரியவர், அதனால் அண்ணன். இருங்காட்டுக்கோட்டையில் என் வாடகை அறையில், ஒரு பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு இசை செய்தோம். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் பிரஸ் மெஷின் இறங்குகிற சத்தத்தை அவர் மனசிலேயே தூக்கிக்கொண்டு வந்து, வாயால் அடித்துக் காட்டுவார். நான் அதைப் பதிந்து ஊதிப் பெரிதாக்குவேன். முதல் இரண்டு ஆல்பமும் அப்படி வந்தவைதான். பக்கத்து அறைக்காரர்கள் கடுப்பில் சுவரைத் தட்டினால் அதையும் பாட்டில் சேர்த்துக்கொள்வோம்.

போன மழைக்காலத்தில், ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது ஒரகடம் ரோட்டில் லாரி மோதி அவர் போய்விட்டார்.

அதன் பிறகு எனக்கு பீட் வரவில்லை. எதைப் போட்டாலும் அவர் போட்டதாகவே கேட்டது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் தள்ளி வை" என்று அவர் சொல்வது போலவே இருக்கும். திரும்பிப் பார்த்திருக்கிறேன். பயந்துதான் பார்த்தேன், யாரும் இல்லை என்றதும் அழுகை வந்தது.

கடைசியில் என்னிடம் வந்தது ஒரு மெட்டு. லைனில் யாருக்காவது வேலை சிக்கிக்கொண்டால் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுப்பார்கள். மேலே பலகையில் இழுத்தவர் இடத்தின் எண் எரியும், அந்த இடத்துக்கென்று வைத்த மெட்டு ஒலிக்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். அண்ணனுடைய இடத்து மெட்டு ரொம்பச் சின்னது. லீவு நாளிலும் அவர் வாயில் அதுதான் ஓடும். அதை மெதுவாக்கி, நீட்டி, முழு ஆல்பத்தையும் அதன்மேல் கட்டினேன். லைன் ஆட்கள் சிலரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி என் அறைச் சுவரைப் பார்த்தார்கள். அங்கே தினசரி காலண்டர்தான் தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

வெளியிடும் முன் அவர் மனைவியிடம் கேட்க வேண்டும். அண்ணி வேண்டாம் என்றால் ஆல்பமே வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போனில் ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன்.

"அவரு பீட்டு எங்க தம்பி?"

"என்னால போட முடியல அண்ணி."

தலையாட்டினார்.

அப்போது மெட்டு வந்தது. தரையில் கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருந்த குழந்தை அதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடியது. சாத்தியிருந்த கதவை இரண்டு கையாலும் தட்டியது. "அப்பா" என்றது.

நான் பாட்டை நிறுத்தினேன்.

"வண்டிய நிறுத்திட்டு அத்த பாடிக்கினேதான் உள்ள வருவாரு," என்றார் அண்ணி. "இது கதவத் தொறக்க ஓடும்."

பாட்டு நின்ற பிறகும் குழந்தை கதவை விட்டு நகரவில்லை. அண்ணி எழுந்து போய்க் கதவைத் திறந்து காட்டினார். வெளியே வெயில் அடித்தது, என் வண்டி நின்றது. குழந்தை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அண்ணி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் கீது தம்பி. வெளிய வுடு. ஆனா அந்த மெட்டு மட்டும் வாணாம். நாளைக்கு தெருவுல எவனாவது ஸ்பீக்கர்ல போட்டா, ஒவ்வொரு தபாவும் இது ஓடும். ஒவ்வொரு தபாவும் நான் தொறந்து காட்டணும்."

அறைக்கு வந்து, மெட்டு வரும் இடத்திலெல்லாம் அதை எடுத்தேன். அதன்மேல் கட்டியது மட்டும் நிற்கிறது. எடுத்த இடத்தில் வேறு எதையும் வைக்க மனசு வரவில்லை, அப்படியே சும்மா விட்டேன். கேட்பவர்கள் பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்துப் போனைத் தட்டிப் பார்க்கிறார்களாம். அந்த இடம் வரும்போதெல்லாம் நான் கதவைப் பார்க்கிறேன்.