சுற்றிவர ஒரு விரல்

பெற்றோலுக்கு ஆட்கள் நாட்கணக்காக வரிசையில் நின்ற வருஷம் அது. எங்கள் ஒழுங்கை வாசலிலிருந்து துறைமுக வீதி வரைக்கும் முச்சக்கர வண்டிகள். சிலர் வண்டிக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டித் தேத்தண்ணீர் வைத்தார்கள். ஒருவர் வரிசையில் நின்றபடியே மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தார். மாப்பிள்ளையின் தகப்பன் நான்கு வண்டி தள்ளி நின்றவர். அதைச் சொல்லப் போனால் நீளும். அந்த வருஷம்தான் நான் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் அந்தூரியத்தைக் கொன்றேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். சம்பூரில் பிறந்து, துறைமுகத்தில் மூட்டை இறக்கியே வயது போனவன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் ஒழுங்கைக் கடைசியில் இருக்கிற ரீச்சர். என் பேச்சை எழுத்துக்கு ஏற்ற மாதிரித் திருத்துவதும் அவர்தான். 'கொன்றேன்' என்றதை மட்டும் திருத்த வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன்.

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. என்னோடு மூட்டை சுமந்த கூட்டாளியின் மனைவி. வேதக்காரர். கூட்டாளி ஒருமுறை கண்டிக்குச் சாவீடு ஒன்றுக்குப் போனவன், வரும்போது ஒரு அந்தூரியக் கன்றை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். சீமெந்துச் சாடி ஒன்றில் தன் கையாலேயே நட்டான். அடுத்த வருஷம் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தச் சாடி அவர்கள் வீட்டு ஹோலில், அவனுடைய படத்துக்குக் கீழே, யன்னல் வெளிச்சத்தில் இருந்தது. பூத்தால் தங்கச்சி வெட்டமாட்டார். மரித்தோர் நாளுக்கு மட்டும் ஒரு பூவை வெட்டிச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அவன் கல்லறையில் வைப்பார்.

தங்கச்சிக்கு இரண்டு கண்ணிலும் படலம் விழுந்து, வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். கொழும்பில் அக்கா வீட்டில் நின்று செய்வதென்று ஏற்பாடு. போகிற அன்று சாடியை என் கையில் தந்தார்.

"அண்ணை, இது உங்கட பொறுப்பு. ரெண்டு நாளைக்கொருக்காத் தண்ணி காட்டினாக் காணும்."

"நீங்கள் யோசியாமப் போயிட்டு வாங்கோ."

"வேர் ஓட்டையால வெளியில வந்திட்டுது. நான் வந்துதான் சாடி மாத்தோணும். அதுக்கிடையில வாடினா மட்டும் நீங்கள் மாத்துங்கோ. சுத்திவர ஒரு விரல் இடம் காணும், கூட வேண்டாம்."

"ஓம், ஓம்."

நான் இரண்டு தரம் 'ஓம்' போட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தமாம். என் மனுசி சொல்வது.

மூன்று கிழமையில் வருவதாகப் போனவர். பஸ் இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று மூன்று மாதம் இழுத்துவிட்டது. மரம் வாடவில்லை. ஆனால் அந்த வேர்களைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. சாடியின் அடி ஓட்டையால் வெளியே வந்து தரையில் கிடந்தன. சண்டைக்குப் பயந்து சம்பூரை விட்டு எழும்பி வந்த காலத்தில் கிளிவெட்டி அகதி முகாமில் ஒரு கூடாரத்துக்குள் எட்டுப் பேர் படுத்தோம். ஒருவர் புரண்டால் எல்லோரும் புரள வேண்டும். நான் உயரமானவன், என் கால் இரண்டும் கூடாரத்துக்கு வெளியே மழையில் கிடக்கும். அந்த மரம் என் பொறுப்பில் இருக்கும்போது அதன் கால் வெளியே கிடக்கக் கூடாது என்று நினைத்தேன்.

துறைமுகத்தில் கழித்துவிட்ட நீலப் பிளாஸ்டிக் பீப்பா ஒன்று வீட்டில் இருந்தது. அதைப் பாதியாக அறுத்தேன். கம்பியைச் சூடாக்கி அடியில் மூன்று ஓட்டை போட்டேன். வளவு மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்பி, நடுவில் அந்தச் சாண் அகல மரத்தை வைத்தேன். எங்கள் வீட்டு ஹோலில் வைக்க இடமில்லை. ஒரு கதிரையை எடுத்து வெளியே போட்டேன்.

மனுசி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நல்லாயிருக்கு. மனுசருக்கு இருக்கக் கதிரை இல்லை, மரத்துக்கு மாளிகை. தங்கச்சி ஒரு விரல் எண்டெல்லோ சொன்னவ?"

"ஒரு விரல் இடத்தில நீ படுப்பியோ?"

"நான் மரமோ?"

பத்து நாள் இலை பளபளவென்று நின்றது. நான் மனுசியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். மேல்மண் காய்ந்து தெரிந்ததால் நாளுக்கு ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினேன். பிறகு ஒரு இலை மஞ்சளானது. அடுத்ததும் மஞ்சளானது. ஒருநாள் தண்டைத் தொட, அது அப்படியே என் கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் கை விட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தது, முழங்கை வரைக்கும் போனால் சேறு. கப்பல் அடித்தட்டில் தேங்கின தண்ணீரின் நாற்றம். வேரெல்லாம் அவித்த கிழங்கின் தோல் மாதிரிக் கழன்றது.

மனுசி இந்த முறை பகிடி பண்ணவில்லை. "உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. அழுதா அழுதிட்டுப் போகட்டும்" என்றாள்.

நான் சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் தங்கச்சி வருகிற கிழமை கந்தளாய் வீதியில் பூமரம் விற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே விற்கிற சிங்களப் பெண்ணுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். நடந்ததைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் பாஷையில் 'சீயா' என்றால் தாத்தா.

"சீயா, வேர் இருக்கிற இடத்துத் தண்ணி வேர் குடிக்கும். வேர் இல்லாத இடத்துத் தண்ணி யார் குடிக்கிற? அது அங்க இருந்து நாறுது." தன் சுட்டுவிரலைச் சாடி விளிம்புக்கும் வேர்க்கட்டிக்கும் நடுவில் நட்டுக் காட்டினாள். "இவ்வளவுதான். வேர் நிரம்பினாப் பிறகு இன்னொரு விரல். அந்தூரியத்துக்கு மண்ணும் வேணாம், தேங்காப் பொச்சும் கரியும் காணும்."

அவளிடம் பூவோடு நின்ற ஒரு மரத்தை வாங்கினேன். கூட்டாளியின் சீமெந்துச் சாடியைக் கழுவி, அதற்குள்ளேயே வைத்தேன். வேர் ஒரு விரல் இடம் விட்டு அடங்கியது. இலை அதே இலை. பூ மட்டும் கொஞ்சம் கூடச் சிவப்பு.

தங்கச்சி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஹோலில் சாடியைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குனிந்து பூவைத் தொட்டுவிட்டார்.

"அண்ணை, இது இவ்வளவு சிவப்போ?"

நான் சாடியின் விளிம்பைத் துடைத்தேன்.

"இவ்வளவு காலமும் என்ர கண்தான் பிழை. நான் இதை ஒரு மங்கல் நிறமெண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான். அவர் சொல்லுவார், நல்ல சிவப்புப் பாத்துத்தான் எடுத்தனான் எண்டு. நான் நம்பேல்லை. பாவம் மனுசன்."

அழுதார். டொக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே அழுதார். என் மனுசி குசினிக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மரித்தோர் நாளில், கந்தளாய் வீதியில் வாங்கின மரத்தின் பூ என் கூட்டாளியின் கல்லறையில் கிடந்தது. நானும் மெழுகுதிரியோடு பக்கத்தில் நின்றேன். நான் நல்லாக மரம் பார்த்தேன் என்ற கதை ஒழுங்கையெல்லாம் பரவியது. ஆட்கள் சாடி தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். 'சாடி டொக்டர்' என்று பட்டமும் வைத்தார்கள். நானும் விரலை விட்டு அளந்து சொன்னேன். என்ன செய்கிறது, அந்த விரல் அளவாவது உண்மை.

போன வருஷம் தங்கச்சி மட்டக்களப்பில் மகளோடு போய் இருந்துகொண்டார். சாடியை மடியில் வைத்துக்கொண்டுதான் போனார். போன கிழமை அங்கிருந்து கதைத்தார்.

"அண்ணை, சாடி வெடிச்சுப் போச்சு. மகள் பெரிய சாடி வாங்கி வைச்சிருக்கிறா. உங்களைக் கேக்காம நான் கை வைக்க மாட்டன்."

"பெரிசு வேண்டாம் தங்கச்சி. சுத்திவர ஒரு விரல்."

"அதைத்தானே நானும் சொல்லுறன், கேக்கிறாவில்லை. மரத்துக்குப் பக்கத்தில ஒரு கன்று முளைச்சிருக்கு அண்ணை. பேரனுக்கு வாற மாசம் கோயில்ல முதல் நன்மை. அண்டைக்கு அவனிட்டக் குடுக்கப் போறன், அம்மப்பா கையால நட்ட மரமெண்டு."

நான் 'ஓம்' என்றேன். ஒரு தரம்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு மனுசி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

இதுவரைக்கும் எழுதின ரீச்சர் இப்போது பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "ஐயா, இதை நீங்களே போன் எடுத்து அவவுக்குச் சொன்னா என்ன?"

"ஏலாது ரீச்சர். அவ 'அண்ணை' எண்டு கூப்பிட்டவுடன வாய் அடைச்சுப் போகுது. நீங்கள் வாற கிழமை மட்டக்களப்புக்குப் போறியளெல்லே? அந்தப் பூவின்ர நிறத்தில அவவின்ர கண் பிழை விடேல்லை, பிழை நான்தான் எண்டு சொல்லுங்கோ. கூட்டாளியின்ர மரத்தைப் பின்வளவில புதைச்சவன் நானெண்டும் சொல்லுங்கோ. ஏசினா ஏசட்டும். ஆனா அந்தப் பிள்ளையின்ர கையில கன்று போறதுக்கு முதல் சொல்லிப்போடுங்கோ, ரீச்சர்."